மண்சரிவின் இந்தப் பக்கம்

எங்கள் மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது நானும் என் கணவரும் நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்தில் வெளியேற வழியில்லாமல் கிடந்தோம். லண்டனில், செவன் கிங்ஸில் எங்களைத் தெரிந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அந்த நேரம் பாத்து ஏன் போனனீங்கள்?" நானும் அதே கேள்வியை என்னிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

போனது இவருடைய ஆசைக்காக. என் கணவரைப் பற்றி எழுதும்போது எனக்கு 'இவர்' என்றுதான் வருகிறது. லண்டனுக்கு வருமுன் இவர் பத்து வருடத்துக்கு மேல் சுவிஸில் அகதியாக இருந்தவர். மலையடிவாரத்தில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். கழுவும் தொட்டிக்கு நேரே ஒரு சின்ன ஜன்னல் இருந்ததாம். ஆவி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்தால் பனி மூடிய மலை தெரியும். ஆட்கள் தடியை ஊன்றிக்கொண்டு வரிசையாக ஏறிப்போவார்கள். இவர் அடுத்த கோப்பையை எடுப்பார். அந்த மலையில் ஒருநாளும் ஏறவில்லை. கலியாணம் முடித்த புதிதில், "ஏன் ஏறேல்லை? லீவு நாள் இருந்திருக்குமே?" என்று கேட்டேன். "சப்பாத்து இல்லை" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

லண்டனில் இவர் மினிகேப் டாக்சி ஓட்டினார். எனக்கு ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. வீடு, மகளின் படிப்பு, அவளின் கலியாணம் என்று எல்லாம் ஓய்ந்தபிறகு, அறுபது வயதுக்குக் கிட்டத்தில் இவர் மலையேறும் சப்பாத்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்பிங் காட்டுக்குப் போய்ச் சேற்றில் நடந்து பழகினோம். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு போவேன். என்றாலும் இவர் முன்னால் போகும்போது முதுகு நிமிர்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மகள்தான் கடைசியில் துரத்தினாள். அவளும் மருமகனும் லண்டனின் தெற்கே சட்டனில் இருக்கிறார்கள். "எனக்கு நவம்பரிலதானே அம்மா. இப்ப போகாட்டி பிறகு பேபியோட மினக்கெட்டு எங்கையும் போகமாட்டியள்" என்றாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு நீண்ட லீவு ஓகஸ்ட்டில்தான். நேபாளத்தில் அது மழைக்காலம். ஆனால் பெரிய மலைகளுக்குப் பின்னால் வடக்கே இருக்கும் பள்ளத்தாக்குகளுக்கு மழை அவ்வளவாக வராது என்று வழிகாட்டி ரெலிபோனில் சொன்னார். அதை நம்பி வெளிக்கிட்டோம்.

சின்ன விமானம், பிறகு ஜீப், பிறகு கால். வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத மனிதர். என்னை 'திதி' என்று கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் அக்கா. எங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பார். பாதையைப் பாறையில் வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மலைச்சுவர், மற்றப் பக்கம் ஒன்றுமில்லை, வெகு கீழே சாம்பல் நிறத்தில் ஆறு. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். இவரோ ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார், குருவியைக் காட்டினார், எதிரே வரும் கழுதைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு மணிச்சத்தத்தைக் கேட்டார். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இவர் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்ததை அங்கேதான் முதல்தரம் கேட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த கிராமம் அந்தப் பாதையின் கடைசி ஊர். கல்லால் கட்டிய தட்டைக் கூரை வீடுகள், கூரை ஓரங்களில் அடுக்கிய விறகு, சுற்றிவர வாற்கோதுமை வயலும் இளஞ்சிவப்புப் பூப்பூத்த இன்னொரு தானியமும். எங்களைத் தங்கவைத்த வீட்டுக்காரிக்கு என் வயது இருக்கும். புருசன் மேலே மேய்ச்சலில் மாடுகளோடு நின்று இடைக்கிடை வருவார். கீழ்த்தளத்தில் மாடுகள், மேலே ஒரே அறை, நடுவில் அடுப்பு. புகை போகக் கூரையில் ஒரு ஓட்டை. அறைக்குள் நிமிர்ந்து நின்றால் இவருக்குத் தலை இடிக்கும். அதையும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்த ஊரில் போன் எடுபடும் இடம் ஒன்றுதான், பௌத்த மடத்தின் மொட்டைமாடி. போய்ச் சேர்ந்த பின்னேரம் அங்கே ஏறினேன். மருமகனின் செய்தி வந்து விழுந்தது. 'மாமி, பிரஷர் கூடிப்போச்சு எண்டு அவவை ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சிருக்கினம். பேபி ஓகே. பயப்பிடாதேங்கோ.'

பயப்படாதே என்று சொன்னால் வரும் பயம் தனி. திருப்பித் திருப்பி அழைத்தேன். மணி அடிக்கும், மருமகனின் குரல் பாதியில் அறுந்துபோகும். இவர் போனை வாங்கி, கைப்பிடிச்சுவரில் ஏறி நின்று பிடித்துப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. விடிய எழும்பித் திரும்பி இறங்குவது என்று முடிவெடுத்தோம்.

வராது என்று சொன்ன மழை அன்றிரவு வந்தது. விடியப்புறம் நிலம் உறுமியது போல ஒரு சத்தம். வீட்டுக்காரி எழும்பி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். மாடுகள் கத்தின.

காலையில் பாதையைப் பார்க்கப் போனோம். ஊரைவிட்டுக் கொஞ்சத் தூரத்தில் அது நின்றுவிட்டது. மலையின் ஒரு முழுப் பக்கமே வழுக்கி ஆற்றுக்குள் போயிருந்தது. எங்கள் காலடியிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் சேறும் கல்லும். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சின்னச் சின்னக் கற்கள் உருண்டன. போன் கோபுரம் மலைக்கு அந்தப்பக்கம். அதற்கு வரும் மின்சாரமும் போய்விட்டது. மடத்து மாடியில் ஏறினாலும் இனி ஒன்றும் கேட்காது.

"மற்றப் பக்கத்தால போக ஏலாதோ?" என்று கேட்டேன்.

"மேலே கணவாய் இருக்கிறது, திதி. புதுப் பனி விழுந்திருக்கிறது. உங்களால் ஏற முடியாது" என்றார் வழிகாட்டி.

"ஹெலிகொப்டர்?" என்று இவர் கேட்டார்.

ஊரிலிருந்து ஒருவர் கணவாயைத் தாண்டிப் போய்த் தகவல் சொல்வதென்று ஏற்பாடாயிற்று. சொன்னாலும் மேகம் விலகினால்தான் ஹெலிகொப்டர் வரும். மேகம் இரண்டு மலைக்கும் நடுவில் மூடிபோலப் படுத்துக்கிடந்தது. அது அசைவதாக இல்லை.

அதன்பிறகு நாங்கள் செய்தது காத்திருந்ததுதான். காத்திருப்பதென்றால் எனக்கு ஆஸ்பத்திரி வரிசையும் விசா வரிசையும் தெரியும். அங்கே நம்பர் இருக்கும், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கோபிக்க ஒரு ஆளாவது இருக்கும். இங்கே யாரோடு கோபிப்பது? எங்கே திரும்பினாலும் மலை. ஆற்றின் இரைச்சல் ஒரு நிமிடமும் ஓயாது. மகளுக்கு இப்போது வலி வந்திருக்குமோ, வயிற்றை வெட்டியிருப்பார்களோ, யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று மனம் ஓடும். ஓடிப்போய் மண்சரிவில் முட்டித் திரும்பி வரும். உள்ளே இருக்க ஏலாமல் கூரைக்கு ஏறுவேன். அங்கேயும் மேகம்.

வீட்டுக்காரி ஒருநாள் ஒரு சுளகு நிறையப் பட்டாணிக்காயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இருவரும் உரித்தோம். வழிகாட்டி நடுவிலிருந்து மொழிபெயர்த்தார்.

"உன் மகளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லையா?"

"புருசன் இருக்கிறார். ஆஸ்பத்திரியில இருக்கிறாள்."

"ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில கொஞ்ச நேரம்."

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பனிக்காலத்தில் இந்த ஊரைவிட்டு மாதக்கணக்கில் ஒருவரும் வெளியே போவதில்லையாம். மூன்று பிள்ளையையும் இந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான் பெற்றாளாம். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. இது உன்ரை வீடு, நீ இருப்பாய், நான் ஏன் இருக்கவேணும் என்று தமிழில் சொல்லிவிட்டேன். வழிகாட்டி அதை என்னவென்று கேட்கவில்லை. அவள் எழும்பிப் போய் உப்பும் வெண்ணெயும் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் குடித்தேன். அது எனக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை, ஆனால் சூடாக இருந்தது.

இவரைத்தான் நான் கவனிக்கத் தவறிவிட்டேன். முதல்நாள் ஹெலிகொப்டர் வருமோ என்று கேட்டவர் பிறகு வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி இருந்தார். மலையைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்த மனிதர் மலை தெரியாத பக்கம் திரும்பி இருந்தார்.

ஒரு பின்னேரம் கூரையில் இவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "என்னப்பா? பிள்ளையை நினைச்சோ?" என்றேன்.

கூரை ஓர விறகில் ஒரு பட்டையை உரித்தார். பிறகு, "தம்பி செத்தது உமக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். இவரின் தம்பி ஜெர்மனியில் இருந்தவர். மூளைக்குள் கட்டி வந்து இளவயதில் போய்விட்டார். எங்கள் சாமியறையில் அவருடைய படம் இருக்கிறது. வருடா வருடம் திவசத்துக்கு இவர் விரதம் இருப்பார்.

"நான் போகேல்லை" என்றார்.

"எங்க?"

"செத்தவீட்டுக்கு. அவன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும் போகேல்லை. ரெயினில ஏறினா மூண்டு மணித்தியாலம்கூட இல்லை. என்ரை விசாவோட அந்த நாட்டை விட்டு இல்லை, அந்த மாநிலத்தை விட்டே வெளியில போகேலாது. அனுமதி கேட்டு எழுதிப் போட்டன். மறுமொழி வரேக்கை எல்லாம் முடிஞ்சுது."

"ஒளிச்சுப் போகேலாதோ?"

"கூட இருந்த பெடியள் காரில கொண்டுபோறம் எண்டுதான் சொன்னவங்கள். பிடிபட்டா ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். அப்ப சண்டையில ஊர் இருந்த நிலைமை உமக்குத் தெரியும். ரெயில் ஸ்டேஷன் வரைக்கும் போனன். திரும்பி வந்திட்டன். பின்னேரம் வேலைக்கும் போனன்."

தம்பிக்குக் கொள்ளி வைத்தது இவர்தான் என்று இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். அப்படி இவர் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டது.

"அந்த மலையைப் பாத்துக்கொண்டு நிண்டதுதான் நான் அந்த நாட்டில செய்தது" என்றார். "ஒருக்கா ஒரு மலையில ஏறினா அது முடிஞ்சிடும் எண்டு நினைச்சன். இப்ப பாரும். பிள்ளை ஆஸ்பத்திரியில. நான் திரும்பவும் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இவரின் கையைப் பிடித்தேன். ஐஸ்போல இருந்தது.

அடுத்தநாள் நான் கண்விழித்தபோது இவரின் படுக்கை வெறுமையாக இருந்தது. வாசலில் சப்பாத்து இல்லை. கூரைக்கு ஏறியிருப்பார் என்று பார்த்தேன், மடத்துக்குப் போயிருப்பார் என்று பார்த்தேன். பிறகு எங்கே போயிருப்பார் என்று எனக்கு விளங்கியது. வழிகாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். மேய்ச்சலிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

இவர் மண்சரிவின் நடுவில் நின்றார். நின்றார் என்று சொல்லக்கூடாது. ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் முழங்கால்வரை சேற்றுக்குள். கீழே நேராக ஆறு.

"இஞ்சருங்கோ!" என்று கத்தினேன்.

"வராதையும்! கல்லு உருளுது!"

"திரும்பி வாங்கோ!"

"ஏலாது." குரல் அழுதமாதிரி வந்தது. "முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் ஏலாது. காலை எடுத்தா இந்தக் கல்லு போயிடும்."

வழிகாட்டி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் மெல்ல மெல்லப் படி வெட்டத் தொடங்கினார். வீட்டுக்காரர் மறுமுனையை ஒரு பாறையில் சுற்றிப் பிடித்தார். "திதி, அவரோடு கதைத்துக்கொண்டே இருங்கள். கீழே பார்க்க விடாதீர்கள்" என்றார் வழிகாட்டி.

என்ன கதைப்பது? நான் பாதை ஓரத்தில் குந்தினேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"எங்கட வீட்டில இருந்து சட்டனுக்கு எந்த வழியால போறது?"

"என்ன?"

"பிள்ளை வீட்டுக்குப் போகவேணும். காரில. எந்த வழியால?"

"உமக்கு விசரோ?"

"சொல்லுங்கோ! நீங்கள்தானே டிரைவர்."

கல்லில் கன்னத்தை ஒட்டியபடி, "நோர்த் சேர்குலர் ரோட்டில ஏறவேணும்" என்றார்.

"ஏறி?"

"ஏறி... பிளக்வோல் ரனலுக்கு இறங்கவேணும்."

"அந்தச் சுரங்கத்துக்குள்ள எப்பவும் நெரிசல். வேற வழியால போகேலாதோ?"

"டார்ட்போர்டால சுத்தினா இன்னும் நேரம்." இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் வழமையாக வந்தது. எந்த வழி குறுக்கு என்பதில் இவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "ரனல் தாண்டி கட்போர்ட். அதில இடக்கை லேன்ல நிக்கக்கூடாது, பஸ் மறிக்கும். பிறகு கிறிஸ்டல் பாலஸ் ஏத்தம்..."

"ஏறினாப் பிறகு?"

"குறோய்டன்."

இவர் குறோய்டனுக்கு வந்தபோது வழிகாட்டியின் கை இவரின் இடுப்பைச் சுற்றிவிட்டது. கயிறு கட்டி, சேற்றுக்குள் புதைந்த காலை இழுத்து எடுத்தார்கள். சப்பாத்து ஒன்று உள்ளேயே போய்விட்டது. வெட்டிய படிகளில் ஒவ்வொன்றாக வைத்துத் திரும்பி வந்தார். இவர் கைவிட்ட கல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு ஆடி, புரண்டு, ஆற்றுக்குள் போனது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் கட்டிப்பிடித்து அழுவேன் என்று வழிகாட்டி எதிர்பார்த்திருப்பார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "பிள்ளை அங்க கிடக்கிறாள். நீங்களும் போனா நான் ஆரிட்டப் போய் என்னெண்டு சொல்லுறது?" என்று மூச்சு முட்டக் கத்தினேன். இவர் ஒற்றைக்கால் சப்பாத்தோடு பாதையில் இருந்துகொண்டு, "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

ஹெலிகொப்டர் கடைசிவரை வரவில்லை. மழை விட்டு, சேறு காய்ந்து இறுகியபின் இரண்டு கரையிலிருந்தும் ஊராட்கள் வந்து மண்சரிவுக்குக் குறுக்கே ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்கு வழி வெட்டினார்கள். ஆளுக்கு ஒரு கயிறு கட்டிக் கடந்தோம். வீட்டுக்காரி இந்தப் பக்கத்து ஓரம்வரை வந்தாள். அவளுடைய புருசனின் பழைய சப்பாத்தை இவர் போட்டிருந்தார். நான் அவளுக்குச் சொன்ன அந்தத் தமிழ் வசனத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். எந்த மொழியில் கேட்பது? அவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனேன்.

கீழே அடுத்த ஊரில் போன் உயிர்த்தது. செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இவர் போனை என்னிடம் நீட்டினார். "நீர் வாசியும்."

முதலில் கண்ணில் பட்டது ஒரு படம். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்கள், நடுவில் ஒரு உள்ளங்கை அளவில் சிவப்பாக ஒன்று. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று படத்தில் தெரியவில்லை. விரல் வேலை செய்யவில்லை. வழிகாட்டி வாங்கி மேலே தள்ளித் தந்தார். மருமகன் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார். 'மாமி எங்க நிக்கிறியள்? வெட்டித்தான் எடுத்தவை. பொம்பிளைப் பிள்ளை. இரண்டு பேரும் இருக்கினம்.'

"இருக்கினமாம்" என்றேன். இவர் தெருவோரத்தில் அப்படியே குந்திவிட்டார்.

ஹீத்ரோவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கிப்போயிருந்தது. நான் கிட்டப்போய் நெற்றியில் கைவைக்க, அவள் தலையை விலக்கினாள்.

"என்னை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகேக்கை நான் உங்களுக்குத்தான் போன் எடுத்தனான்."

"ஓம் பிள்ளை."

"நான் செத்திருப்பன், அம்மா."

"ஓம்."

"நீங்கள் இரண்டு பேரும் மலையில நிண்டனீங்கள்."

நீதானே போகச் சொன்னாய் என்று சொல்லலாம். நான் சொல்லவில்லை. இவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அவளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குழந்தையை வாரக்கணக்கில் அந்தப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இவர் ஒவ்வொரு நாளும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அதன் பக்கத்தில் இருந்தார். கை விடும் ஓட்டைக்குள்ளால் ஒரு விரலை நீட்டுவார், குழந்தை பிடிக்கும். தாதிமார் இவருக்கென்று ஒரு கதிரையை அங்கேயே விட்டுவிட்டார்கள். மகள் வந்தால் எழும்பி வெளியே போய்விடுவார். அவள் போனபின் திரும்ப வருவார். மண்சரிவின் நடுவில் நின்ற கதையை நான் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு விசர்" என்று மட்டும் சொன்னாள். தம்பியின் கதையை நான் சொல்லவில்லை. அது இவர் சொல்லவேண்டியது. இன்னும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

குழந்தையைச் சட்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தபின் நான் அங்கே தங்கினேன். அது சின்ன பிளாட். வெளியில் குளிர், உள்ளே ஹீட்டர், பால்மா வாசம், உலராத துணி. இவர் ஒரு பின்னேரம் செவன் கிங்ஸிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். வழமைபோல வாசலில் வைத்துவிட்டு வெளிக்கிட நின்றார். மகள் அறைக்குள்ளிருந்து குழந்தையோடு வந்தாள். தலைமுடியை வாரி இழுக்காமல், நித்திரையில்லாமல், கண் சிவந்திருந்தாள்.

"அப்பா, நான் முழுகிட்டு வாறன். இவவைப் பிடியுங்கோ."

இவர் பதறிப்போய் ஜக்கெற்றைக் கழற்றி, கையைத் துடைத்தார். "எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஏன், எங்கையாவது போகவேணுமோ?"

"இல்லை, இல்லை" என்று சொல்லிவிட்டு இவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.